மூலைக்கு மூலை ஏழு அங்குலம்

முதலில் ஒரு விடுகதை. "விற்கிறவன் என்னை மூலைக்கு மூலை அளப்பான், வாங்கினவன் பக்கத்துக்குப் பக்கம் பார்ப்பான். நான் யார்?" விடை உங்கள் சட்டைப்பையில் இருக்கும். பைக்குள் அடங்காமல் கையிலேயே இருந்தால், இந்தக் கதைகள் உங்களுக்குத்தான்.

நெடுங்காலம் ஒரு பத்திரிகையில் சிறுவர் பக்கம் தயாரித்துவிட்டு, இப்போது நாவற்குடாவில் மருமகன் நிரோஷின் போன் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் உலகத்திலேயே நல்ல போன் இதுதான் என்று நம்பினால்தான் இந்தத் தொழில் ஓடும். நான் உடனே நம்பிவிடுவேன்.

முகமும் கதையும்

ஒரு சனிக்கிழமை காலை ஏறாவூரிலிருந்து ஒரு தாயும் ஒன்பது வயது மகள் ரிஸ்னாவும் வந்தார்கள். ரிஸ்னாவுக்குக் காது கேளாது. தந்தைக்குக் கட்டாரில் வேலை. வாப்பாவும் மகளும் வீடியோ அழைப்பில் சைகையால்தான் கதைப்பார்கள். பழைய போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து மூன்று நாள். அந்த மூன்று நாளும் பிள்ளை வாப்பாவோடு ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை.

"பெரிசாத் தாங்க சேர்" என்றார் தாய். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. போன வாரம்தான் வந்திறங்கிய, கடையிலேயே மிகப் பெரிய போனை எடுத்து அழைத்தோம். விளிம்புவரை கட்டார் முகம்! மீசைமயிரை எண்ணலாம். நான் கைதட்டாத குறை. ரிஸ்னாவோ போனை என் பக்கம் தள்ளிவிட்டாள். நீண்டு ஒடுங்கிய திரையை நிரப்புவதற்காகப் படம் பெருத்து, இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட இடத்தில்தான் வாப்பாவின் கைகள். தாய் சொன்னார்: "முகம் வருகுது சேர், கதை வருகுதில்ல."

வட்டைக் கணக்கு

தந்தை பகல் சாப்பாட்டு நேரம் திரும்ப எடுப்பதாகச் சொல்லியிருந்தார். தாயும் மகளும் காத்திருந்தார்கள். அதற்குள் சித்தாண்டி வட்டையில், அதாவது வயல்வெளியில், நெல் செய்யும் விவசாயி ஒருவர் வந்து அதே போனைப் புரட்டிப் பார்த்தார். "ஏழு அங்குலமெண்டு போட்டிருக்கு, எங்க அந்த ஏழு?"

அடிமட்டத்தை எடுத்து, மேல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலைவரை வைத்துக் காட்டினேன். போன் நீள நீள இந்தக் கணக்கு ஏறும், அகலம் ஏறாது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட வட்டையில இப்பிடி அளந்து வயல் வித்தா, வித்தவன வரம்பிலயே கட்டி வெச்சிருப்பாங்க!"

நிழல் கேட்ட போன்

அவர் போனதும் அலுமாரியிலிருந்த எல்லாப் போன்களையும் குறுக்கே அளந்தேன். மூலையில் கிடந்த பழைய மொடல் ஒன்று, பெட்டியில் ஆறரை அங்குலம், அகலத்தில் புதியதை ஒரு நெல்மணி நீளம் வென்றது! ஆனால் அகலம் மட்டும் போதாதே, இடையில் நின்றுபோகாமலும் ஓட வேண்டும். இரண்டு போனிலும் வீடியோவை ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா என்று மாறிமாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது, போன வாரம் நம்மிடம் அந்தப் புதிய மொடலை வாங்கிய பனிச்சங்கேணி மீனவர் வந்தார். தோணியில் போகும்போது மேல்பாதியில் வரைபடம், கீழ்ப்பாதியில் வீடியோ என்று திரையைப் பிரித்து வைத்தாராம். கொஞ்ச நேரத்தில் போன் கொதித்து, வெளிச்சம் மங்கி, அசையாமல் நின்றதாம். வெயில் படாமல் வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயிலுக்க நாங்க நிக்கிறம், இது நிழல் கேக்குதா?"

மீன்

கடைக்குள் இரண்டு போனும் தடங்கலில்லாமல் ஓடின. பகல் அழைப்பு வந்தது. முதலில் புதியது. வாப்பா நேற்று வாங்கிய மீனின் அளவைக் கையை விரித்துக் காட்டினார். திரையில் நெஞ்சுதான் தெரிந்தது. "மாமா, ரெண்டு விரலால சுருக்குங்க" என்றான் நிரோஷ். சுருக்கினேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் குட்டி வாப்பா.

அடுத்து பழையதைப் பெட்டியொன்றில் சாய்த்து வைத்தோம். ரிஸ்னாவுக்கும் இரண்டு கை வேண்டுமே! அவள் கேட்டாள், அவர் விரித்தார், அவள் நம்பவில்லை, அவர் இன்னும் விரித்தார். குட்டைத் திரை, படம் பெருக்கவும் இல்லை, வெட்டுப்படவும் இல்லை; விரல் நுனிவரை திரைக்குள்! மூன்று நாள் கதையும் அவளுடைய பத்து விரலிலிருந்தும் கொட்டியது. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அதுல தலையும் இல்ல, வாலும் இல்ல. சுருக்கினா நெத்தலி. இதுலதான் சேர் மீன் முழுசா இரிக்கி."

புதியதற்கு இலவச உறையும் உண்டு என்று நிரோஷ் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ரிஸ்னா பழையதை எடுத்தாள்.