சீர்த்தட்டுக்கு மட்டும் பெல்ட்

தூங்காமல் கார் ஓட்டுவதை எங்கள் வீட்டில் ஒரு திறமையாகவே நினைத்தார்கள். பல்லடத்துக்குப் பக்கத்தில் அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார். கறிக்கோழியை வெயிலில் பிடித்து ஏற்றினால் மூச்சிரைத்துச் செத்துவிடும் என்பதால் லாரி ராத்திரியில்தான் வரும். வந்தால் அப்பாவுக்கும் தூக்கம் கிடையாது, ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் கிடையாது. வீட்டில் எல்லோரும் எப்போதும் அசந்தே இருந்ததால், பெரியவர்களின் முகமே அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது வேலை முடிந்து அவிநாசி ரோட்டு நெரிசலில் கண் எரிய வரும்போது, கண்ணாடியில் தெரிவது அதே முகம்தான்.

லாரி போன ஒரு காலையில்தான் மேட்டுப்பாளையத்து அத்தை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அத்தைக்கு அண்ணன் என்று இருந்தது அப்பா ஒருவர்தான். டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். மாமன்காரன் சொந்தக் காரைத் தானே ஓட்டிவந்து இறங்க வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. அப்பாவுக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை.

பின்சீட்டில் சீர்த்தட்டுகளை அடுக்கி, தேங்காயும் பழமும் உருண்டுவிடாதபடி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார் அப்பா. அந்தக் காரில் பெல்ட் போட்டுக்கொண்டு போனது சீர் மட்டும்தான். அதன் பக்கத்தில் அம்மா, மடியில் தம்பிப் பாப்பா. முன்சீட்டு எனக்கு, ஒரு வேலையோடு.

"அப்பனோட பேசிக்கிட்டே வா அம்மணி. கண்ண மூட உடாத," என்றாள் அம்மா.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவிநாசி வரைக்கும் பள்ளிக்கூடத்துச் சண்டைகளைச் சொன்னேன். அதற்குப் பிறகு சரக்கு தீர்ந்துபோய் வாய்ப்பாட்டுக்கு வந்தேன். அப்பா கொட்டாவிக்கு நடுவே "ம்" கொட்டினார். அன்னூர் தாண்டி, பதினாறாம் வாய்ப்பாட்டில் எனக்கே கண் சொருகியது. பக்கத்துக் கதவில் தலை சாய்த்தது வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

ஏதோ தூக்கிவாரிப்போட்டது கனவு மாதிரி இருந்தது. நன்றாக விழித்தபோது கார் புளியமரத்தடியில் நின்றிருந்தது. அப்பா சீட்டைச் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றாள். கார் சாவி அவள் இடுப்பில். போன் விடாமல் அடித்தது; எடுத்து அத்தையிடம் சொன்னாள்:

"டயரு பஞ்சருங்க. வந்தர்றோமுங்க."

என் பக்கம் மரத்தை ஒட்டி நின்றதால், அம்மா இறங்கிய பின்கதவால் இறங்கி அந்தப் பக்கத்துச் சக்கரங்களைப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவை எழுப்பப் போனேன்.

"அவரத் தொட்டுப்போடாத!"

அம்மா என்னை அப்படி அதட்டியதே இல்லை. பாப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன்.

"காது குத்தற நேரம் முடிஞ்சுபோயிரும்மா," என்று அழுதேன்.

"முடிஞ்சா முடியட்டும்."

முடிந்துதான் போனது. அதே பின்கதவால் இறங்கி நாங்கள் மண்டபத்துக்குள் ஓடியபோது, யாரோ ஒரு தூரத்து உறவு மடியில் வைத்துக் காது குத்தி, பையன் அழுது ஓய்ந்திருந்தான். பஞ்சரா என்று கேட்ட அத்தையிடம், பஞ்சரெல்லாம் இல்லை, அப்பா தூங்கினார், அம்மா சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள் என்று ஒப்பித்துவிட்டேன்.

"ஏனுங்க அண்ணி, என்ற அண்ணன் தூங்கறதுக்கு இன்னிக்குத்தான் நாளு கெடச்சுதா?" அத்தை சபையிலேயே கேட்டாள்.

அம்மா சீர்த்தட்டுகளை இறக்கி வைத்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அத்தை பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

கிளம்பும்போது அப்பா என்னைப் பின்சீட்டில், சீர் இருந்த இடத்தில் உட்காரச் சொன்னார். என் வேலை போய்விட்டது என்று வருத்தமாக இருந்தது. ஏறப் போகையில், நான் வந்த பக்கத்துக் கதவைப் பார்த்தேன். சைடு மிரரைக் காணோம். கதவு நெடுக நசுங்கி, ரோட்டுப் பாலங்களின் கைப்பிடிச் சுவரில் அடித்திருக்குமே, அந்தச் சுண்ணாம்பு இழுபட்டிருந்தது. மண்டபத்துப் பையன்கள் எவனோ செய்த வேலை என்று எரிச்சலோடு, பட்டுப்பாவாடை நுனியில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். புதுப் பாவாடை வெள்ளையாகிக்கொண்டே போனது. அம்மாவும் அப்பாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் என்னைத் திட்டவில்லை.