மெர்சியின் கள்ளியும் அம்மாவின் சீரோ வாட் பல்பும்

பூஜை அலமாரியில் விடிய விடிய எரியும் சிவப்பு சீரோ வாட் பல்பு... அதன் அடியில் தட்டை தட்டையாக இலை தொங்கும் ஒரு செடி. திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டின் அந்த நாட்கள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

செடி மெர்சியுடையது. கிழக்கேகோட்டையில் என் முதல் ஆபீஸில் அவள் பக்கத்து சீட். விதுரா பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டில் அவள் அம்மா வளர்த்த கிறிஸ்துமஸ் கள்ளி. அவள் அம்மா இறந்ததும் வீடு போனது, மெர்சி ஹாஸ்டலுக்கு வந்தாள். அங்கே செடி வைக்க இடமில்லை, தொட்டி என்னிடம் வந்தது.

"டிசம்பர்ல செவப்பா பூக்கும், கேட்டியா. எங்க அம்மை வச்சதுல இது ஒண்ணுதான் மிச்சம்."

டிசம்பர் வந்தது, பூ வரவில்லை. அடுத்த டிசம்பரும் வெறும் இலைதான்! தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், உரம் போட்டேன், இடத்தை மாற்றினேன்... சாயங்காலமானால் என் அம்மா அதைத் தூக்கிப் பூஜை அறைக்குக் கொண்டுபோய்விடுவாள்.

"விளக்கேத்தற நேரத்துல ஜீவன் உள்ளதை இருட்டுல விடப்படாதுடி."

காலையில் மெர்சி "பூத்துதா?" என்பாள். இல்லை என்றதும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வாள். 

அதற்கடுத்த ஐப்பசியில், அக்கா பிரசவத்துக்காக அம்மா திருநெல்வேலி போனாள். செடி ராத்திரியும் பின்கட்டு ஜன்னலிலேயே கிடந்தது. அம்மா திரும்பி வந்தபோது இலை நுனியெல்லாம் சிவப்பு மொட்டு!

ஏன் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேடிப் படித்தேன். அந்தச் செடி மொட்டு வைக்க நீண்ட, வெளிச்சமே படாத இருட்டு வேண்டுமாம்.

"அடப்பாவமே, அதைத் தூங்கவே விடலையேடி நான்!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மெர்சி வந்தாள். பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள், கண் மட்டும் நிறைந்திருந்தது.

"எங்க அம்மைக்கு ஒரு வித்தையும் தெரியாது கேட்டியா. எங்க லயத்துல கரண்டே இல்ல, அதான்!"

அன்று அவர்களுக்கு இருட்டு தானாகக் கிடைத்தது. இன்று எங்கள் தெருவில் எல்இடி விளக்கு பகல் மாதிரி எரிகிறது. ஐப்பசி பிறந்தால் அம்மா தன் பழைய ஒன்பது கஜப் புடவையைப் பின்கட்டு ஜன்னலில் தொங்கவிடுகிறாள். மெர்சி துபாயில் இருக்கிறாள். டிசம்பரில் வீடியோ கால் வரும், அதே கேள்விதான்.

நேற்று சாயங்காலம் தெரியாமல் பின்கட்டு ஸ்விட்சில் கை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்...

"லைட்டைப் போடாதேடி. மெர்சியோட அம்மா தூங்கறா."