பதினொரு பாதிக் குளிசைகள்

ஜெசிந்தாவின் கணவர் அருள் தொலைபேசியில் அழைத்தபோது என் கையில் மருந்துக் கிண்ணம் இருந்தது. நானும் ஜெசிந்தாவும் சேர்ந்து வேலை பார்த்த எல்லிங்ஸ்ருட் முதியோர் இல்லத்தில், மாலை மருந்து கொடுக்கும் நேரம். கிண்ணத்தில் மூன்று பாதிக் குளிசைகள். "அண்ணை, அவ போயிட்டா" என்றார். நாற்பத்திரண்டு வயது. போகிற வயதா இது?

இன்று அவளை வழியனுப்பக் கூடியிருக்கும் உங்களுக்கு, கோவில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நின்று எல்லோரையும்விட உரத்துப் பாடிய ஜெசிந்தாவைத் தெரியும். எனக்குத் தெரிந்தவள் வேறு. வேலையில் ஒவ்வொரு கதவையும் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். சரியான பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்வேன். என்னைவிட ஏழு வயது இளையவள். தங்கச்சி என்றுதான் வைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஆறில் எனக்கு வார இறுதி வேலை மட்டுமே. முழுநேர வேலைக் கடிதம் காட்டினால்தான் மன்னாரில் இருந்த என் மனைவி மேரிக்கு இங்கே வர விசா. அங்கே மறுபடி சண்டை மூண்டிருந்தது. நாலு நாள் தொலைபேசி கிடைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முழுநேர வேலைக்கு மருந்து கொடுக்கும் சோதனையில் தேற வேண்டும். ஒரு கணக்குப் பிழைத்தாலும் பெயில். நான் இரண்டு தரம் பெயில். இரண்டு தரமும் கவிழ்த்தது பின்னம்தான். இரண்டேகால் குளிசையில் எத்தனை கால் துண்டு என்று கேட்டிருந்தார்கள். நான் இரண்டையும் ஒன்றையும் கூட்டி, மூன்று என்று எழுதிவிட்டு வந்தேன். என்ன மண்டையோ!

ஜெசிந்தா உணவறையில் மொறுமொறு ரொட்டியை எடுத்து வைத்து உடைத்தாள். "சூத்திரத்தைப் பாடமாக்காதேங்கோ அண்ணை. உடைச்சு எண்ணுங்கோ. முதல் ரொட்டியிலை நாலு, ரெண்டாவதிலை நாலு, மிச்சம் ஒரு துண்டு. ஒன்பது. கீழை நாலு." இரண்டேகால் என்ற கலப்பெண், ஒன்பதின் கீழ் நாலு என்ற முறைமையில்லாப் பின்னமாவது அவ்வளவுதானாம். படித்த காலத்தில் எனக்கு இதற்காக எத்தனை அடி விழுந்தது! மூன்று நாளில் நான் எதையும் உடைக்கக் கூடியவனாகிவிட்டேன்.

அவள் அத்தோடு விடவில்லை. "இப்ப திருப்பி ஒட்டுங்கோ. ஒன்பது கால் துண்டு எத்தனை முழுசு?"

"அதைச் சோதனையிலை கேக்கமாட்டாங்கள் பிள்ளை."

"சோதனை கேளாது. கட்டில்லை கிடக்கிற மனிசி கேக்கும்."

எனக்குப் பொறுமை இல்லை. தேநீர் ஆறுகிறது என்று எழும்பிவிட்டேன். மூன்றாம் தரம் தேறினேன், வேலைக் கடிதமும் கிடைத்தது. மேரியின் விண்ணப்பத்தோடு அதை அனுப்பினேன்.

அடுத்த வாரமே அது நடந்தது. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுக்கும் குளிசை. வழமையான டொக்டருக்குப் பதிலாக வந்தவர் மருந்து அட்டையில் 1 1/2 என்று நெருக்கி எழுதியிருந்தார். உடைத்து உடைத்தே பழகிய என் கண்ணுக்கு அது 11/2 ஆகத் தெரிந்தது. பதினொரு பாதி! ஆறு குளிசையை வெட்டி, பதினொன்றை எண்ணிக் கிண்ணத்தில் போட்டு, கணக்குச் சரி என்ற பெருமையோடு நடந்தேன். அறைக் கதவடியில் ஜெசிந்தா நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, இது எத்தனை முழுசு?"

இரண்டு இரண்டாகச் சேர்த்தேன். ஐந்து. ஐந்தரை. அட்டையை மறுபடி பார்த்தேன். ஒன்றரை.

அந்தக் கிண்ணம் அறைக்குள் போகவில்லை; அந்த அம்மா பிழைத்தார். பிறகுதான் என் கஷ்டம் தொடங்கியது. நடந்த பிழையை அறிக்கையாக எழுதிக் கொடுக்கச் சொன்னாள் ஜெசிந்தா.

"பிள்ளை, உன்ரை காலைப் பிடிக்கிறன். எழுதினா வேலை போகும். மேரி வரேலாமல் போயிடும். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே!"

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நாளைக்கு நான் லீவிலை நிண்டா, கதவடியிலை ஆர் அண்ணை நிப்பினம்?"

எழுதினேன். அட்டையின் எழுத்துத் தெளிவில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்து அவளும் கையெழுத்திட்டாள். மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரமும் நான் அவளோடு கதைக்கவில்லை. ரயிலில் அவள் ஏறும் பெட்டியை விட்டு வேறு பெட்டியில் ஏறினேன். மேரிக்கு ஏதும் நடந்தால் இவளை மன்னிக்கமாட்டேன் என்றுகூட நினைத்தேன். உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். கடைசியில் பொறுப்பாளர் கூப்பிட்டு, இனி அட்டையில் பின்னம் எழுதக்கூடாது, தசமத்தில்தான் எழுத வேண்டும் என்று முடிவாகியிருப்பதாகச் சொன்னார். என் வேலை இருந்தது.

பனிக்காலத்தில் மேரி வந்து இறங்கியபோது, தடித்த மேலங்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஜெசிந்தாவும் விமான நிலையத்தில் நின்றாள். "உன்னோடை கோவமா இருந்தனான் பிள்ளை" என்றேன். "தெரியும். வேற பெட்டியிலை ஏறினதைக் கண்டனான்" என்று சிரித்தாள்.

போன மாதம் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அவளைப் பார்த்தபோது குரல் மெலிந்திருந்தது. "இப்பவும் மருந்து குடுக்கப் பயமோ அண்ணை?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "நல்லது. விட்டிடாதேங்கோ."

அருளின் தொலைபேசிக்குப் பிறகு நான் மருந்து கொடுக்க வேண்டிய அறையின் வாசல்வரை நடந்தேன். கிண்ணத்தை நீட்டினேன். கதவடியில் ஒருவரும் இல்லை. "இது எத்தனை முழுசு?" என்று நானே தமிழில் உரத்துக் கேட்டேன். மூன்று பாதி. ஒன்றரை. இன்னொரு தரம் எண்ணினேன். ஒன்றரைதான். உள்ளே போய்க் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, வாயைத் துடைத்துவிட்டு வெளியே வந்துதான் அழுதேன்.

நீ எனக்குத் தந்துவிட்டுப் போனது அந்தப் பயம்தான், தங்கச்சி. அதை நான் விடமாட்டேன்.