தன் புத்தகத்தைத் தானே இரவல் எடுத்தவர்

எண்பதுகளின் நடுப்பகுதியில் லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு சிறிய கிளை நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கவுன்சில் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கத் தொடங்கியிருந்த நேரம் அது. எது கதை, எது சமையல், எது சோதிடம் என்று பிரித்து வைக்கத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். இரண்டு தட்டுப் புத்தகம்தான். அந்த வேலை இரண்டு கிழமையில் முடிந்துவிட்டது. பிறகு என்னைக் கவுண்டரில் இருத்திவிட்டார்கள்.

அப்போது அங்கே கம்ப்யூட்டர் இல்லை. வாசகரின் பெயர் எழுதிய சின்ன மட்டை உறைகள் இருந்தன. புத்தகத்துக்குள் அதன் பெயரும் எழுதியவர் பெயரும் உள்ள ஓர் அட்டை இருக்கும். அந்த அட்டையை உறைக்குள் செருகித் தட்டில் அடுக்கிவிட்டு, புத்தகத்தில் திகதியைக் குத்திக் கொடுப்போம். ஒருநாள் அப்படி அடுக்கும்போது உறையில் இருந்த பெயரும் அட்டையில் இருந்த எழுத்தாளர் பெயரும் ஒன்றாக இருப்பதைக் கண்டேன். ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கக்கூடாதா என்று விட்டுவிட்டேன். மூன்று கிழமை கழித்து அதே உறை, அதே எழுத்தாளர், வேறு புத்தகம்.

அதற்குப் பிறகு ஆளைக் கவனித்தேன். எழுபதை நெருங்கிய உயரமான ஆங்கிலேயர். காதில் பென்சில் செருகியிருப்பதை மறந்து அப்படியே தெருவில் வந்துவிடுவார். துப்பறியும் கதை ஒன்று, தோட்டக்கலை ஒன்று, அவற்றுக்கு நடுவில் தன்னுடையது ஒன்று என்று வைத்து நீட்டுவார். நான் திகதி குத்தும்போது வேறு பக்கம் பார்ப்பார்.

கிளைக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணியிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நாலு நாவல், இரண்டு கவிதைப் புத்தகம் எழுதியவர். ஒருகாலத்தில் பேப்பர்களில் எல்லாம் பெயர் வந்தது. இரண்டு வருஷமாக ஒருவரும் எடுக்காத புத்தகத்தை நாங்கள் கழித்துவிடுவோம். அது அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதை அவருக்குக் காட்டிக்கொள்ள வேண்டாம்."

அன்று அவருடைய முதல் நாவலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நான் முழுதாக வாசித்த முதல் ஆங்கில நாவல் அதுதான். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வாசித்தேன். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் தேம்ஸ் நதிக்கரைத் துறைமுகத் தெருக்களில் வாழும் ஒரு விதவையின் கதை. குண்டு விழுந்த மறுநாள் காலை அவள் திரும்பி வருகிறாள். வீடு இல்லை, வாசற்படி மட்டும் நிற்கிறது. அவள் விளக்குமாறு ஒன்றை இரவல் வாங்கி அந்தப் படியைக் கூட்டுகிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் எங்கள் ஒழுங்கையின் மறுமுனை எரிந்துகொண்டிருந்தபோது, எங்களை ஏற்றிப்போக வந்த வான் வாசலில் காத்து நிற்க, நான் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாமல் இருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் அதை முப்பது வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்.

அடுத்த முறை அவர் வந்தபோது பெண்மணியின் சொல்லை மீறினேன்.

"வாசற்படி கூட்டுகிற அந்தப் பெண்ணை நீங்கள் கண்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவருடைய முகமும் காதும் சிவந்துபோயின. "நீங்கள் அதை வாசித்தீர்களா?"

"முழுக்க வாசித்தேன்."

"அது என் அம்மா," என்றார்.

அதன் பிறகு வரும்போதெல்லாம் இரண்டு வார்த்தை கதைப்போம். அப்படித்தான் அவருடைய வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகத் தெரிய வந்தது. கப்பலில் இருந்து இறங்கும் சரக்கைக் கணக்கெடுக்கும் குமாஸ்தாவாக முப்பது வருஷம் வேலை செய்தவர். விடிய எழும்பி, வேலைக்குப் போகுமுன் எழுதினார். கவிதைகள் மிகச் சிறியவை: ஆற்றுச் சேறு, மிளகு மூட்டையின் வாசனை, கையுறை இல்லாத கைகள். துறைமுகம் மூடியதோடு அவரை அச்சிட்டவர்களும் கடையை மூடிவிட்டார்கள். மனைவி புற்றுநோயில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதோடு இரண்டு வருஷக் கணக்கு ஆறு மாதமாகக் குறைந்தது; அவ்வளவு காலம் யாரும் எடுக்காத புத்தகங்களின் பட்டியலைக் கம்ப்யூட்டர் தானே அச்சடித்துத் தந்தது. அந்த வருஷம் அவருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்து, மாதக்கணக்காக வெளியே வரவில்லை. பட்டியலில் அவருடைய ஆறு புத்தகங்களும் இருந்தன. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார்.

"ஆரும் எடுத்தால் கழிக்க மாட்டினந்தானே?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப நாங்கள் எடுப்பம். உமக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. மற்றதுகளுக்கு ஆளைப் பாரும்."

மாதா கோயிலில் பூ அலங்கரிக்கும் மன்னார்ப் பெண் ஒருவர், அவருடைய மகள், மூலைக்கடைக்காரர், அவர் மனைவி என்று ஆறு பேர் சேர்ந்துவிட்டோம். கவிதைப் புத்தகம் தன் பங்குக்கு வந்ததில் கடைக்காரருக்குச் சந்தோஷம், பக்கம் குறைவு என்று.

என் கணவர் எடுத்தது துறைமுகக் குமாஸ்தா ஒருவரைப் பற்றிய நாவல். இரண்டாம் நாளே முறைப்பாடு தொடங்கிவிட்டது. "இஞ்ச பாரும், ஐம்பது பக்கம் போட்டுது. ஆள் இன்னும் வேலைக்குப் போய்ச் சேரேல்லை."

"அப்ப வையுங்கோ, விடுங்கோ."

"வைக்க ஏலாமக் கிடக்கு," என்றார்.

மாரி முடிந்து எழுத்தாளர் ஊன்றுதடியோடு வந்தார். நேரே தன் தட்டுக்குப் போனார். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பிக் கவுண்டருக்கு வந்து மெல்லச் சொன்னார்: "சரி, போய்விட்டன."

"போகவில்லை. வாசகர்கள் எடுத்திருக்கிறார்கள்," என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். ஆறு வரிசை, ஆறு திகதி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இரக்கப்பட்டு எடுத்தார்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "சிலர் அப்படித்தான். என் கணவர் இல்லை. அவர் குறை சொல்லிக்கொண்டே வாசிக்கிறார்."

"என்ன குறை?"

சொன்னேன். அவர் தடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவரைச் சந்திக்க வேண்டும்," என்றார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணிக்கு வந்தார். வடையைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார். என் கணவரும் அவரும் இலக்கியம் ஒன்றும் பேசவில்லை. காலை ஷிப்டுக்குப் போகிறவன் எத்தனை மணிக்குப் படுக்கவேண்டும் என்பதிலேயே ஒரு மணித்தியாலம் போனது. போகும்போது, அச்சாகாத தன் ஐந்தாவது நாவலை வாசிக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த கிழமை அதை ஒரு சப்பாத்துப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்.

கணவர் அதை வேலையிடத்து இடைவேளைகளில் வாசித்தார். பக்கங்களில் மாவு ஒட்டியிருந்தது. முடித்து இரண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னார்: "எல்லாம் நல்லம். ஆனா கதையிலை அந்த ஆளின்ரை மனுசி ஒரு பக்கத்திலை செத்துப் போறா. வேலைக்குப் போறதுக்கு ஐம்பது பக்கம் எழுதின மனுசன், இதுக்கு ஏன் இவ்வளவு அவசரப்படுறார்?"

"அவரிட்டை அதைச் சொல்லிப் போடாதேங்கோ," என்றேன்.

எழுத்தாளர் அடுத்தமுறை வந்தபோது கணவர் சொல்லிவிட்டார். தன் உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் தெளிவாக. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என் மனைவி இறக்கும்போது என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை," என்றார் எழுத்தாளர். "நான் வெளியே வந்துவிட்டேன். எழுதும்போதும் வெளியே வந்துவிட்டேன்."

மூன்று மாதம் நூலகப் பக்கம் அவரைக் காணவில்லை. அவரைப் புண்படுத்திவிட்டோம் என்று நான் கணவரோடு கோபமாக இருந்தேன். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து புதிதாகத் தட்டச்சுச் செய்த கொஞ்சத் தாள்களை மேசையில் வைத்தார். கணவர் அங்கேயே இருந்து வாசித்தார். எழுத்தாளர் எதிரே இருந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி கணவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தாளைத் திருப்பி வைத்ததும் கணவர், ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்பதை மறந்து, "ஓம், இப்ப சரி," என்றார். மொழிபெயர்க்கும் தேவை இருக்கவில்லை.

அந்த நாவலை யாரும் அச்சிடவில்லை. இரண்டு இடத்துக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. அவர் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வசந்தகாலத்தில் இறந்துபோனார். மருமகள் முறையான ஒருத்தி வந்து வீட்டை ஒழித்துக்கொண்டு போனாள். அந்தப் பெட்டி எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.

அவர் இறந்ததை ஒரு பேப்பரில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். வாழ்வின் பிற்பகுதியில் வாசகர்களே இல்லாமல் போனவர் என்று அதில் ஒரு வரி இருந்தது. கணவர் அதை என் முன்னால் வைத்தார்.

"இது பிழை. கடிதம் எழுதும்."

அவரை வாசித்தவர்களின் பெயர்களையும் போட்டு எழுதினேன். அதை நாலு வரியாகச் சுருக்கிப் போட்டார்கள். கடைக்காரரின் பெயரையும் மன்னார்ப் பெண்ணின் பெயரையும் வெட்டிவிட்டார்கள். அதில் கணவருக்கு மனக்குறைதான். ஆனாலும் பேப்பரை மூலைக்கடைக்குக் கொண்டுபோய்க் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.