வண்டலூருக்குப் போகாத நாள்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அம்மா வேலை செய்த கம்பெனி எங்களையெல்லாம் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு இலவசமாக அழைத்துப்போவதாகச் சொன்னது. அதுவும் ஒரு புதன்கிழமை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் புலி பார்க்கலாம் என்றால் எந்தக் குழந்தை காரணம் கேட்கும்?

திருவொற்றியூரில் இருந்த அந்தக் கம்பெனியில் அம்மாவும் இன்னும் பத்துப் பெண்களும் ரப்பர் வாஷர்களுக்குப் பிசிறு வெட்டினார்கள். எல்லோரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் ஒப்பந்தக்காரரின் பெயர் மாறும், புது அட்டை வரும், அம்மா மறுபடியும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவளாகிவிடுவாள். இதைச் சொல்லித் தொழிலாளர் அலுவலகத்துக்கு அம்மா மனு போட்டிருந்ததெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை.

வேனில் ஏறும்போதே சூப்பர்வைசர் எல்லோருடைய அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார். கூட்டத்தில் தொலைந்துவிடுமாம். டோல்கேட் அருகே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வேன் மாட்டிக்கொண்டது. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அம்மா டிரைவரைக் கேட்டாள். லேபர் ஆபீசர் கம்பெனிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதும் போன் வரும், அதுவரை திரும்பக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் வெகுளியாகச் சொன்னார்.

அம்மா எழுந்து நின்றாள்.

“வண்டிய ஓரங்கட்டு நைனா. நாம இல்லாதப்ப வந்து பாத்தா, அங்க யாருமே வேல செய்யலன்னு எழுதிக்கினு பூடுவாரு. அதுக்குத்தான் இந்த டூரு.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கினாள். கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தால், பிள்ளைகளோடு ஆறு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நான்கு பேர் இறங்கவில்லை. அவர்களை அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அம்மா கேட்டுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே ஓடிவந்த சூப்பர்வைசர், இவர்கள் யாரென்றே தெரியாது, வேலை கேட்டு வந்தவர்கள் என்றார்.

“அட்டைய காலைலதான் புடுங்கிக்கினாரு சார்,” என்றாள் அம்மா. “எங்க பேர எழுதாம நீங்க போவ முடியாது. எழுந்திருக்க மாட்டோம்.”

அதிகாரி இறங்கினார். முதலில் என்னைப் பார்த்து, எதற்கு அழுகிறாய் என்றார். அம்மாவைப் பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அம்மாவுக்கு எப்போதும் இந்தக் கம்பெனிதான், நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த அன்றுகூட இங்கேதான் வந்தாள், போன வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தபோது லீவு கேட்டதற்கு இதோ நிற்கிறாரே, இவர்தான் திட்டினார், தீபாவளிக்கு மறுநாளும் வந்துவிட்டாள் என்று மூச்சு விடாமல் கோள் சொன்னேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறுநாளே ஏழு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அம்மா காசிமேட்டில் இறால் உரித்துக்கொண்டே ஒரு வாய்தா விடாமல் கோர்ட்டுக்குப் போனாள். நான் பிளஸ் டூ எழுதிய வருஷம், ஏழு பேரும் நிரந்தரத் தொழிலாளர்களாக அதே கேட்டைத் தாண்டி உள்ளே போனார்கள்.

தீர்ப்பின் நகலை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அதிகாரியின் அறிக்கையிலிருந்து எடுத்த பகுதியில் ஒண்ணாங்கிளாஸ், அம்மை, தீபாவளி எல்லாம் வரிசையாக இருந்தன. அன்றைக்கு அவர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கியதும், அம்மாவுக்கு நல்ல தண்டனை கிடைக்கப்போகிறது என்றுதான் நம்பினேன். சொல்லாமல் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று அவர் எழுதி முடிக்கும்வரை யோசித்துக்கொண்டே நின்றேன்.