சாவு வீட்டில் ஒரு தலைவலி

திண்டிவனத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் என் மனைவி இறந்தாள். விழுப்புரத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து தூக்கில் காப்பி வந்தது. அவள் தலைமாட்டில் இருந்த நான் வேண்டாம் என்றேன்.

உச்சிப்பொழுதில் நெற்றிப்பொட்டு தெறித்தது. அதுவரை நான் அழவில்லை என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

“அழுதுடுங்க மாப்ள,” என்றார் அவள் அண்ணன். “உள்ளயே வச்சிக்கினு இருந்தா தலை வெடிச்சிடும்.”

“படிச்சவரு, வாய்விட்டு அழ வரல. தலைய புடிச்சிக்கினு உக்காந்துகீறாரு பாரு,” என்று ஒருத்தி பரிந்தாள்.

மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் கற்பித்தவன் நான். மைய நரம்பு மண்டலத்தைக் கிளர்த்தும் மருந்துகளைக் காப்பியிலிருந்துதான் தொடங்குவேன். மூளைக்கு அயர்வை அறிவிக்கும் பொருள் அடினோசின். அது அமரவேண்டிய நரம்பணு ஏற்பிகளில் காப்பியிலுள்ள கஃபீன் முந்திக்கொண்டு அமர்கிறது. நாள்தோறும் ஏமாறும் மூளை ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. காப்பி நின்றால் அத்தனையையும் அடினோசின் பற்றும், இரத்தக் குழாய்கள் விரியும், தலை தெறிக்கும். முந்தைய நாள் மாலைக்குப் பின் நான் காப்பி குடித்திருக்கவில்லை. ஊரார் துக்கம் என்று சொன்னது, நான் வகுப்பில் நடத்திய அந்த முதல் பாடம்தான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்ததும், அவள் தங்கை டம்ளரை நீட்டினாள்.

“ஒரு வாய் குடிங்க மாமா. அக்கா இருந்தா உங்கள இப்டி வெறும் வயித்தோட உட்டிருக்குமா?”

குடித்தால் வலி நீங்கும். நீங்கினால், தலைக்குள் இருந்தது அவள் அல்ல என்பது உறுதியாகிவிடும். டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

“பொண்டாட்டி போன துக்கத்துல காப்பிகூட எறங்கல,” என்று கூடத்தில் மெச்சினார்கள்.

அந்த ஏற்பிகள் அவள் காலையும் மாலையும் கலந்து கொடுத்த காப்பியால் பெருகியவை, ஆகவே வலியும் அவளுடையதே என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். மாணவன் எவனாவது விடைத்தாளில் அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

மறுநாள் பால் தெளித்தபின், மாற்றுத்துணி எடுக்க விழுப்புரம் புறப்பட்டேன். வலி அப்படியே இருந்தது. பேருந்து நிலையத்தில், சோதனைக்கு மருந்து கொடுப்பவனைப் போல, எனக்கே ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டி வருமுன் வலி போயிற்று. நெற்றியை ஜன்னல் கம்பியில் அழுத்திப் பார்த்தேன். கம்பியின் குளிர்ச்சிதான் தெரிந்தது.

“தூக்கமா சார்?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். “சாஞ்சிக்குங்க, எறங்கும்போது எழுப்புறேன்.”

இல்லை என்றேன். நன்றாக விழித்திருந்தேன்.