வலப்பக்கப் பற்கள்

என் வீட்டுக்காரர் மரம் அறுக்கிற மெஷின் வைத்திருந்தார். அதன் செயினுக்கு அரம் போட்டது நான். தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லாக ராவுவேன். செயினில் ஒரு பல் இடப்பக்கம் பார்த்திருக்கும், அடுத்தது வலப்பக்கம். ஒரு பக்கத்துப் பல் மட்டும் குட்டையாகிவிட்டால் மெஷின் நேராக அறுக்காது, வளைந்துகொண்டு போகும்.

நல்லூரிலிருந்து முந்திரித்தோப்புக்காரர் ஒருவர் வந்திருந்தார். இவ்வளவு கூரா யார் அரம் போடுறது என்று கேட்டார். தானே போடுவதாகச் சொன்ன என் வீட்டுக்காரர், டீ கொண்டுவந்த என்னைக் காட்டி, "இவளுக்கெல்லாம் அரத்தப் புடிக்கவே தெரியாதுங்க" என்றார். தோப்புக்காரர் சிரித்தார். இரும்புத்தூள் அப்பிய விரலை முந்தானையில் மறைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து இடப்பக்கப் பல்லுக்கு மூன்று இழுப்பு, வலப்பக்கத்துக்கு ஐந்து.

இரண்டு வாரத்தில் மெஷின் கோண ஆரம்பித்தது. அவர் செயின் ஓடுகிற பிளேடை மாற்றிப் பார்த்தார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். கூட வேலை செய்தவர்கள் முகத்துக்கு நேராகவே கேலி பேசினார்கள். திட்டக்குடியில் அவர் அறுத்த ஒரு வேப்பமரம் வேலிப்பக்கம் சாய்ந்து கல்தூணை உடைத்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

"எங் கையி நடுங்குதா, நல்லாப் பாத்து சொல்லு."

நடுங்கவில்லை.

"லேசா நடுங்குதுங்க. வயசாவுதில்ல" என்றேன். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு.

மெஷினை விற்றுவிட்டுப் பீங்கான் கம்பெனியில் லோடு ஏற்றப் போனார். வாசலில் நான் ராவுவதைப் பார்த்திருந்த மற்ற மரக்காரர்கள் செயினை என்னிடமே கொண்டுவரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஒழுங்காகவே போட்டுக்கொடுத்தேன்.

போன மாசி மாதம், லீவு நாளில், தானும் கற்றுக்கொள்கிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரத்தைக் கொடுத்தேன். பிடிக்கிற விதத்தைக் காட்டினேன். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்க இழுக்கணும். இல்லன்னா கோணலா ஓடும்."

அவர் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு குனிந்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே மிச்சப் பல்லையும் ராவி முடித்தார்.

அன்றிலிருந்து நான் பரிமாறினால் அவர் சாப்பிடுவதில்லை. தானே தட்டெடுத்துப் போட்டுக்கொள்கிறார்.